தோள்பட்டைத் தசைநாண் தையலுக்குப் பிறகு: இயன்முறை மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: தோளில் கையை உயர்த்த உதவும் சுப்ராஸ்பினேட்டஸ் தசையின் நாண் கிழிந்து, தைத்து ஐந்து வாரங்கள் ஆகின்றன. வலியே இல்லை. கையைத் தாங்கும் ஸ்லிங்கைக் கழற்றிவிட்டு ஸ்கூட்டர் ஓட்டலாமா?

பதில்: கூடாது. இந்த அறுவையில் நம்மை ஏமாற்றுவதே வலி குறைவதுதான். கிழிந்த நாணின் நுனியை, எலும்பில் பதித்த ஆங்கர்கள் என்னும் சிறு பிடிப்பான்களோடு நூலால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். முதல் சில வாரங்களில் நாணைப் பிடித்து வைத்திருப்பது பெரும்பாலும் அந்த நூல்தான். நாண் எலும்பை ஓரளவு உறுதியாகப் பற்ற ஏறக்குறைய 12 வாரங்கள் ஆகும். வலியோ அதற்கு வெகு முன்பே அடங்கிவிடும். இந்த இடைவெளியில்தான் பேருந்துக் கம்பியை எட்டிப் பிடித்தும், தண்ணீர்க் குடத்தைத் தூக்கியும் தைத்த நாணைப் பலர் மறுபடி கிழித்துக்கொள்கிறார்கள். ஸ்லிங் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள். கழற்றும் நாளை, கிழிசலின் அளவை நேரில் பார்த்த அறுவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சட்டென்று பிரேக் பிடித்தால் உடலின் பாரம் தோளில் இறங்கும் என்பதால், ஸ்கூட்டரை அதற்குப் பிறகும் சில வாரங்கள் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: ஊசல் பயிற்சி செய்தால் தோள் கடுக்கிறது. எங்கே தவறு?

பதில்: நீங்கள் கையை ஆட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன், ஆட்ட வேண்டியது இடுப்பை. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, தைத்த கையைக் கிணற்றுக்குள் தொங்கும் கயிறுபோலத் தளரவிட்டு, உடலை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் கை தானாக ஆடும். வட்டம் பெரிதானால் தசை வேலை செய்யத் தொடங்கிவிடும் என்பதால் சிறிய வட்டமே போதும். (இந்த நாண் தையலைப் பற்றி 1911-லேயே எழுதிய பாஸ்டன் மருத்துவர் காட்மனின் பெயரால்தான் இப்பயிற்சி இன்றும் வழங்குகிறது.)

கேள்வி: அம்மாவுக்கு ரவிக்கை அணிவிப்பதே போராட்டமாக இருக்கிறது.

பதில்: தைத்த கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுங்கள். முன்கொக்கி வைத்த தளர்வான ரவிக்கையே நல்லது. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவது தையலை மிகவும் இழுக்கும். ஆகவே பின்கொக்கியை அவரே மாட்ட முயல வேண்டாம்.

கேள்வி: இரவில் படுக்க முடியவில்லை.

பதில்: தலையணைகளை அடுக்கிப் பாதி சாய்ந்து உறங்குங்கள். முழங்கை பின்னால் சரியாதபடி அதன் கீழும் ஒரு தலையணை வேண்டும்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. பத்து வாரமாகியும் கை தோளுக்கு மேல் எழவில்லை. எண்ணெய் தேய்த்து இழுத்துவிடச் சொல்கிறார்கள்.

பதில்: இழுக்க விடாதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகுவது அதிகம். ஆனால் இறுக்கம் பெரும்பாலும் சில மாதங்களில் இளகும், மறுபடி கிழிந்த நாணைச் சரிசெய்வதுதான் கடினம். மல்லாந்து படுத்து, இரு கைகளாலும் ஒரு கோலைப் பிடித்து, நல்ல கையின் பலத்தால் மற்றதை உயர்த்துங்கள். பிறர் தூக்கினால் மேலே போகும் கை, விட்டவுடன் தொப்பென்று விழுந்தால், அன்றே அறுவை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பந்தை அமுக்கும் பயிற்சியை எப்போது தொடங்கலாம்?

பதில்: ஸ்லிங்கில் இருக்கும்போதே, முதல் நாளிலிருந்தே தொடங்கலாம். மேற்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸின் நாணையும் தைத்திருந்தால் முழங்கையை மடக்குவதற்கு மட்டும் தனியாக அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.