கடைசல் வேலை பழக முதலில் என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்?

திருப்பூரில் மரத்தைச் சுழற்றிக் கடையும் சின்ன லேத் இயந்திரம் வாங்கிவிட்டீர்கள், அடுத்து எந்த உளி வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மரப் பொம்மைக்குப் பேர்போன கர்நாடகத்துச் சன்னபட்டணத்திலிருந்து பொள்ளாச்சிக்கு வந்து குடியேறிய கடைசல் குடும்பம் எங்களுடையது. தொடக்கத்துக்கு 3 உளி போதும்: கட்டையை உருட்டி எடுக்க அகலக் குழியுளி, வழவழப்பாக்கச் சாய்வு உளி, துண்டு பிரிக்க வெட்டுளி. கிண்ணம் கடைய வேறு குழியுளி வேண்டும். அகலக் குழியுளியைக் கிண்ணத்தில் வைக்கவே வைக்காதீர்கள். கைப்பிடிக்குள் போகும் மெல்லிய வால் பகுதி முறிந்துவிடும். சூட்டிலும் சீக்கிரம் மழுங்காத ஹைஸ்பீடு ஸ்டீல் எஃகாகப் பார்த்து வாங்குங்கள்.

காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் சாணைக்கல். உளி கூராக இருந்தால் ஈரம் காயாத மரம் சுருள் சுருளாக உரிந்து வரும். மழுங்கினால் தூளாகக் கொட்டும். கொட்டியதுமே சாணை பிடித்துவிடுங்கள்.

பொம்மைக்கு வெட்பாலை மரம்தான் எங்களுக்கு உயிர். அது சுற்றும்போதே நிறம் சேர்த்த அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டில் உருகிப் படியும். அப்புறம் தாழை மடலால் தேய்க்க, முகம் தெரிகிற பளபளப்பு வரும்.

சரி, முகம் முழுக்க மறைக்கும் கண்ணாடி போன்ற கவசம் கட்டாயம். கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு லேத் பக்கம் போகாதீர்கள்.