கதையின் நடுவே குழந்தை எழுந்து போனால்…

கேள்வி: நான்கு வயது மகளுக்காக ஒரு கதை எழுதினேன். பந்தைத் தொலைத்த முயல்குட்டி காடெங்கும் தேடுகிறது. இறுதியில் ஆமை அதற்கு அறிவுரை கூறுகிறது. எளிய சொற்களில்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் இரண்டாம் பக்கத்திலேயே மகள் எழுந்து போய்விடுகிறாள். கதையை இணைத்துள்ளேன். குறை எங்கே?

பதில்: கதையை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். சொற்களில் குறையில்லை. முதல் பக்கம் முழுவதும் காட்டின் அழகே நிறைந்திருக்கிறது. பந்து தொலைவதோ இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில்தான். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையை வருணனை பிடித்து வைக்காது. யாருக்கோ ஏதோ ஒன்று இப்போதே வேண்டும் என்ற தவிப்புதான் பிடித்து வைக்கும். ‘பசுமையும் குளிர்ச்சியும் நிறைந்த பெருங்காட்டில்’ என்று தொடங்கும் பத்தியை எடுத்துவிட்டு, ‘முயல்குட்டியின் பந்தைக் காணோம்!’ என்று தொடங்குங்கள். காட்டின் பசுமையையும் பந்தின் நிறத்தையும் படம் சொல்லிவிடும்.

முயல் புதரிலும் மரப்பொந்திலும் ஓடைக்கரையிலும் தேடுவதை ஒவ்வோர் இடத்திலும் வெவ்வேறு சொற்களில் எழுதியிருக்கிறீர்கள். கூறியது கூறலைக் குற்றமென்று பள்ளியிலேயே படித்துப் பழகியவர்கள் நாம். ஆனால் இந்த வயதுக் கதைக்கு அதுவே உயிர். ‘எட்டி எட்டிப் பார்த்தது. இங்கே இல்லையே!’ என்ற வரியை மூன்று இடங்களிலும் ஓர் எழுத்தும் மாறாமல் வையுங்கள். இரண்டாம் முறை மகள் அந்த வரிக்காகக் காத்திருப்பாள். மூன்றாம் முறை உங்களை முந்திக்கொண்டு அவளே சொல்லிவிடுவாள். எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தை கதையைத் தானே படிப்பதாக உணரும் இடம் அதுதான். பிறகு நான்காம் இடத்தில், பக்கத்தைப் புரட்டியதும், அந்த வரியை உடைத்துவிடுங்கள்: முயல் எட்டிப் பார்க்கிறது, உள்ளேயிருந்து இரண்டு கண்கள் முயலை எட்டிப் பார்க்கின்றன!

தனக்குத் தெரிந்த ஒன்று மற்றவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது, பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு வயதையொட்டித்தான் பிடிபடத் தொடங்குகிறது. உங்கள் மகள் அந்த வாசலில் நிற்பதால், அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு முள்ளெலி பந்தை உருட்டியபடி முயலுக்குப் பின்னாலேயே வந்து, கடைசியில் ஒரு பொந்துக்குள் நுழைவதைப் படத்தில் காட்டுங்கள். எழுத்தில் அதைப்பற்றி மூச்சுவிடாதீர்கள். ‘அதோ, பின்னாலே பார்!’ என்று முயலுக்குச் சொல்லத் துடிக்கிற குழந்தை எழுந்து போகமாட்டாள்.

ஆமையின் அறிவுரை வேண்டாம். பந்து கிடைத்ததும் முயலும் முள்ளெலியும் விளையாடட்டும்.

கேள்வி: இத்தகைய கதை எவ்வளவு நீளம் இருக்கலாம்?

பதில்: 500 சொற்களைத் தாண்டாமல் இருப்பது நல்லது, அதில் பாதியிலும் நிறைவான கதை சொல்லலாம். அச்சுத்தாளை மடிக்கும் முறையால் படக்கதை நூல்களின் பக்கங்கள் பெரும்பாலும் 8-இன் மடங்காக, வழக்கமாக 32 பக்கங்களாக அமைகின்றன. தலைப்பும் பதிப்பு விவரங்களும் போக, நூலை விரித்தால் எதிரெதிரே தெரியும் இரு பக்கங்களைச் சேர்த்து ஓர் இரட்டைப் பக்கம் என்று கொண்டால், 12 முதல் 14 இரட்டைப் பக்கங்கள்தாம் கதைக்கு மிஞ்சும். ஆகவே வெற்றுத்தாள்களை மடித்து ஒரு மாதிரி நூல் செய்து, எந்த வரி எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். பின்னர், கதையை முன்பு பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் தடுமாறும் வரிகளைத் திருத்தினால் போதும்.