பழைய குரூஸர் வாங்குமுன்: கேட்டவையும் சொன்னவையும்

காலை முன்னால் வைத்து சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி என்று நம் ஊரில் செகண்ட் ஹேண்டில் தேடினால், பெரும்பாலும் கண்ணில் படுவது ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு, மீட்டியோர், பஜாஜ் அவெஞ்சர் மூன்றும்தான். இவற்றைப் பற்றிப் பல ஊர்க்காரர்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, 2016 தண்டர்பேர்டு 350 ஒன்று, 2021 மீட்டியோர் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்?

காசு இடம் கொடுத்தால் மீட்டியோர், தம்பி. பவரில் பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டுமே 20 குதிரைத்திறனை ஒட்டித்தான். வித்தியாசம் தெரிவது களைப்பில். 2020 நவம்பரில் வந்த மீட்டியோரின் 349 சிசி என்ஜின் புதிதாக வடிவமைத்தது. அதில் அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் இருப்பதால் 80-இல் பிடித்துப் போனாலும் கை மரத்துப்போகாது. தண்டர்பேர்டில் அதே வேகத்தில் ஒரு மணி நேரம் போனால் இறங்கிக் கையை உதறுவாய். மீட்டியோரில் அலாய் வீல், டியூப்லெஸ் டயர், பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இரண்டு சக்கரத்துக்கும் உண்டு. 2016 தண்டர்பேர்டில் ஸ்போக் வீல், டியூப் டயர். நடு ராத்திரி பைபாஸில் பஞ்சரானால் டியூப்லெஸ்ஸின் அருமை புரியும்.

தண்டர்பேர்டை மட்டம் தட்டவில்லை. 20 லிட்டர் டேங்க், கிக்கர், எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைக்கத் தெரிந்த கார்புரேட்டர் என்று அதற்கும் பலம் உண்டு. மீட்டியோரில் கிக்கர் கிடையாது, பேட்டரி போனால் நடைதான்.

2021 மீட்டியோர் என்பதால் ஒன்று. 2020 டிசம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை தயாரான மீட்டியோர்களை இக்னிஷன் காயில் கோளாறுக்காக கம்பெனியே திரும்ப அழைத்தது. சேஸிஸ் நம்பரை சர்வீஸ் சென்டரில் கொடுத்து, அந்த வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டுவிடு.

சேலம்: வண்டியை நேரில் பார்க்கப் போகும்போது மெக்கானிக் கூட இல்லை. நானே என்னென்ன பார்க்கலாம்?

முதலில், "நான் வருகிற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் என்ஜின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன். பச்சைத் தண்ணீராக இருக்கும் என்ஜின்தான் உண்மையைச் சொல்லும். ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரைப் பாருங்கள். காலைக் குளிரில் லேசாக வெள்ளையாக வந்தால் அது நீராவி, பயமில்லை. நீலமாக வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது.

அடுத்து, விழுந்த வண்டியா என்று பாருங்கள். பெயின்ட் அடித்து டேங்கை மறைத்துவிடலாம், எல்லோருக்கும் மறைக்கத் தோன்றாத இடங்கள் உண்டு. கிளட்ச், பிரேக் லீவர் நுனிகள், ஃபுட்ரெஸ்ட் முனை, சைலன்சரின் அடிப்பக்கம். ஹேண்டிலை முழுதாகத் திருப்பினால் சேஸிஸில் முட்டி நிற்குமே ஒரு ஸ்டாப்பர், அதைக் குனிந்து பாருங்கள். அது நசுங்கியோ வளைந்தோ இருந்தால் முன்பக்கம் பலமாக வாங்கியிருக்கிறது. அந்த வண்டி எனக்கு வேண்டாம் என்று நான் திரும்பிவிடுவேன்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரம் தரையைத் தொடாதபடி ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லி, ஹேண்டிலை இரண்டு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் லேசாகச் சிக்கினால் கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் பேரிங், போய்விட்டது. செலவு பெரிதல்ல, விலையில் குறைத்துக் கேளுங்கள். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஆயில் வளையம் தெரிந்தால் சீல் மாற்ற வேண்டும். பின் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) கடைசியில் செயினைப் பிடித்து இழுங்கள். பல் பாதி தெரிகிற அளவுக்கு எழுந்தால் செயின் செட் முழுதும் மாற்றவேண்டியதுதான்.

கிலோமீட்டரை அப்படியே நம்பாதீர்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும். 3420 என்றால் 2020-ஆம் வருடம் 34-ஆவது வாரம் செய்த டயர். 2021 வண்டி, மீட்டரில் 9,000 காட்டுகிறது, ஆனால் இரண்டு டயரும் 2024-இல் செய்தவை என்றால், முதல் டயர் எங்கே போனது என்று கேளுங்கள். நியாயமான பதிலும் இருக்கலாம், கேட்காமல் விடக்கூடாது.

ஓட்டிப் பார்க்கும்போது மூன்றாவது கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலேட்டரை நன்றாகத் திருகுங்கள். சத்தம் மட்டும் ஏறி வண்டி முன்னேறாவிட்டால் கிளட்ச் பிளேட் முடிந்தது.

கரூர்: ஆர்.சி. முதல் ஓனர் பெயரிலேயே இருக்கிறது. விற்கிறவர் மூன்றாவது கை. "29, 30 படிவத்தில் கையெழுத்து இருக்கிறது, பெயர் மாற்றம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்.

அந்த "அப்புறம்" வரவே வராது. மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், விபத்து இழப்பீட்டுக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது உங்களுக்குச் சாதகம். முதல் ஓனரைக் கண்டுபிடித்து இந்த விஷயத்தை எடுத்துச் சொல்லுங்கள். தன் தலைக்கு வரும் வம்பு என்று தெரிந்தால் அவரே ஆர்வமாகக் கையெழுத்துப் போட வருவார். அவர் கிடைக்கவில்லை என்றால், வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

முழுப் பணத்தையும் பெயர் மாறுவதற்கு முன் கொடுக்காதீர்கள். மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டு, கடன் நிலுவையில் இருக்கிறதா, சலான் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.யில் ஹெச்.பி. (கடன் பதிவு) இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபனை இல்லை என்ற சான்று) படிவம் 35-உம் வேண்டும். சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர் இரண்டையும் ஆர்.சி.யோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள்.

நாகர்கோவில்: "அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு" என்கிறார் ஓனர். போதாதா?

2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருட மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். அவர் சொல்வது அநேகமாக அதைத்தான். உங்கள் வண்டி சேதமானாலோ திருடு போனாலோ அதில் பைசா வராது. சொந்தச் சேதக் காப்பீடு தனி, அது பாதி வண்டிகளில் காலாவதியாகிக் கிடக்கும். எது இருந்தாலும், அந்தக் காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காக முந்தைய ஓனருக்குக் கிடைத்த பிரீமியத் தள்ளுபடி (நோ க்ளெய்ம் போனஸ்) அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும்.

சென்னை, பள்ளிக்கரணை: எங்கள் பகுதியில் மலிவாக நிறைய வருகிறது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டிலும் தண்ணீருக்குள் நின்ற வண்டிகள் கழுவித் துடைத்து இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சீட்டைக் கழற்றுங்கள். வயர் கனெக்டர் ஒன்றிரண்டைப் பிரித்துப் பாருங்கள். செம்பில் பச்சைப் பூத்திருந்தால் சந்தேகப்படலாம். ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில் விரலை விட்டால் காய்ந்த வண்டல் தட்டுப்படும், அதுவரை கழுவுகிறவர்கள் குறைவு. ஹெட்லைட்டுக்குள் நீர்க்கறைக் கோடு தெரிகிறதா என்றும் பாருங்கள். ஆயில் பார்க்கும் கண்ணாடியில் பால் கலந்த டீ நிறம் இருந்தால் என்ஜினுக்குள் தண்ணீர். கார்புரேட்டர் வண்டி என்றால் பிரித்து மேய்ந்து சரிசெய்துவிடலாம். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டியில் வயரிங் கோளாறு இன்று வரும், நாளை போகும், மறுபடி மழைக்கு வரும். பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு சகோதரி: உயரம் 5 அடி 1 அங்குலம். மீட்டியோர் ஓட்ட முடியுமா?

தாராளமாக. சீட் உயரம் 765 மில்லிமீட்டர்தான், கால் எட்டும். கவனிக்க வேண்டியது எடை, 191 கிலோ. ஓடும்போது தெரியாது, சரிவில் பின்னோக்கித் தள்ளும்போது தெரியும். வாங்குமுன் வெறும் தெருவில் பத்து நிமிடம் தள்ளிப் பாருங்கள் அம்மா. சிரமமாகத் தோன்றினால் அவெஞ்சர் 220 குரூஸ் பாருங்கள். சீட் 737 மில்லிமீட்டர், எடையும் நன்றாகக் குறைவு. இளப்பமான வண்டி என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஈரோடு: தண்டர்பேர்டில் செல்ஃப் அடித்தால் "கடகட"வென்று இடிக்கிறது, சில நேரம் மோட்டார் மட்டும் சுற்றுகிறது.

ஸ்ப்ராக் கிளட்ச். செல்ஃப் மோட்டாரின் சுற்றலை என்ஜினுக்குக் கொண்டுபோகிற பாகம், இந்த என்ஜினில் அடிக்கடி போகும். பேட்டரி பலவீனமாக இருக்கும்போது செல்ஃபை அழுத்திக்கொண்டே இருப்பதால்தான் பெரும்பாலும் போகிறது. என்ஜின் கவரைத் திறந்து மாற்ற வேண்டும். அதுவரை கிக்கரில் எடுங்கள், பேட்டரியையும் சோதித்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதிதாகப் போட்டதும் போகும்.

ஓசூர்: கர்நாடகப் பதிவு வண்டி மலிவாக வருகிறதே?

படிவம் 28-இல் அங்கிருந்து என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, மறுபடி சாலை வரி. இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் கரைந்துவிடும். அங்கே கட்டிய வரியைத் திரும்பக் கேட்கும் உரிமை பழைய ஓனருக்கு உண்டு, அலைச்சலும் அவருக்குத்தான்.

திருநெல்வேலி: மூன்று வருட மீட்டியோருக்கு ஓனர் சொல்கிற விலை சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டியின் ஆன்ரோடு விலையே இறங்கிவிட்டது. ஆனால் பல ஓனர்கள் தாங்கள் அன்று கொடுத்த விலையை மனதில் வைத்துத்தான் பேரம் பேசுகிறார்கள். ஷோரூமில் இன்றைய ஆன்ரோடு விலையை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். அதைக் காட்டி அங்கிருந்து பேச்சை ஆரம்பியுங்கள்.