திரைக்கு இந்தப் பக்கம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் வாசகசாலை சார்பில், சமகால ஓவியர்களையும் சிற்பிகளையும் ஊர்க்காரர்களுடன் இணையவழி பேசவைக்கும் நிகழ்ச்சியை மாதம் ஒருமுறை நடத்தத் தொடங்கியிருக்கிறோம். இதுவரை ஜூம் வெபினாராக இரண்டு முடிந்தன. 80 பேர் பதிவு செய்தார்கள், 30 பேர் வந்தார்கள், அதிலும் பாதிப்பேர் வெளியூர். கலைஞர் முக்கால் மணி நேரம் நன்றாகப் பேசினார். "கேள்விகள் உண்டா?" என்றதும் ஒரே நிசப்தம். ஓவியங்களும் வெளிறித் தெரிந்தன. உள்ளூர்க்காரர்களை எப்படி உள்ளே கொண்டுவருவது? இணையவழிதானே, சன்மானத்தைக் குறைக்கலாம் என்கிறார்கள் குழுவில் சிலர். அது சரியா?

ச.

அன்புள்ள ச.,

80 பேர் பதிந்து 30 பேர் வந்ததற்குக் கலங்க வேண்டாம். கட்டணமில்லாத இணைய நிகழ்ச்சிகளில் பாதிப்பேர் வராமல் போவது சாதாரணம். முதல்நாள் மாலையும், தொடங்க ஒரு மணி நேரம் முன்பும் இணைப்போடு செய்தி அனுப்பினால் கொஞ்சம் கூடும். எனக்குக் கவலை தருவது அந்த நிசப்தம்தான்.

வெபினாரில் பார்வையாளர் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் வந்திருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. இருட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவர் கை தூக்கமாட்டார். நூறு பேருக்குள் என்றால் வெபினாரை விட்டுவிட்டுச் சாதாரண ஜூம் மீட்டிங்காக வையுங்கள். இலவசக் கணக்கில் 100 பேர் வரை சேரலாம், ஆனால் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். கேள்விகள் சூடுபிடிக்கும் நேரம் அதுதான் என்பதால் ஒரு மாதத்துக்காவது கட்டணக் கணக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்பைப் பொதுவில் போடாதீர்கள். காத்திருப்பு அறையைத் திறந்து வையுங்கள், திரைப் பகிர்வை நடத்துபவர் கையிலேயே வையுங்கள்.

ஆனால் உள்ளூர்க்காரர்களை உள்ளே கொண்டுவர இது மட்டும் போதாது. கலைஞர் தொலைவில் இருக்கலாம், பார்வையாளர்களும் ஏன் தனித்தனியாக இருக்க வேண்டும்? உங்கள் வாசகசாலையிலேயே இருபது பேரைக் கூட்டி உட்காரவையுங்கள். வர முடியாதவர்கள் வீட்டிலிருந்து சேரட்டும்.

1980 நவம்பரில் கிட் காலோவே, ஷெர்ரி ராபினோவிட்ஸ் என்ற இரு கலைஞர்கள் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் ஒரு திரையையும், லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பெரிய அங்காடியின் வெளிப்புறத்தில் இன்னொரு திரையையும் வைத்துச் செயற்கைக்கோள் வழியாக இணைத்தார்கள். 'ஹோல் இன் ஸ்பேஸ்' என்று பெயர். எதிர்முனையில் நிற்பவர்கள் ஆளுயரத்தில் தெரிவார்கள், பேசினால் கேட்கும். முன்னறிவிப்பு கிடையாது. மூன்றே மாலைகள். முதல் மாலை வழிப்போக்கர்கள் தடுமாறினார்கள். மூன்றாம் மாலைக்குள் தூரத்து உறவினர்கள் நேரம் குறித்துக்கொண்டு வந்து நின்றார்கள். கூடி நிற்க ஓர் இடம் இருந்தது, ஆள் ஆளின் அளவில் தெரிந்தார், தன் முகமே தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. இந்த மூன்றையும் ஒரு சிறிய அறையிலும் செய்யலாம்.

அறைக்கு இரண்டு மடிக்கணினி வேண்டும். ஒன்றில் புரொஜக்டர், ஸ்பீக்கர், கை மைக் மூன்றும் இணைந்திருக்கும், கேமரா அணைந்திருக்கும். இதற்கு 'அரங்கு ஒலி' என்று பெயரிடுங்கள். இரண்டாவதை முன்வரிசை அருகே ஒரு சிறு மேசையில் வைத்து, எதிரே ஒரு நாற்காலி போடுங்கள். இது 'அரங்கு முகம்'. இதில் ஒலியில் சேரவே கூடாது, படம் மட்டும். மியூட் செய்தால் போதும் என்று நினைப்பார்கள். ஸ்பீக்கர் திறந்திருந்தால் கலைஞரின் குரல் இரண்டு கணினியிலிருந்தும் சற்று முன்பின்னாக வந்து எதிரொலிக்கும், ஒரு விரல் தவறி மைக் திறந்துவிட்டாலோ ஊளையிடும். அறைக்குள் யாரும் தங்கள் கைபேசியிலும் சேரக்கூடாது, காரணம் இதேதான். கை மைக் எப்போதும் ஸ்பீக்கருக்குப் பின்னால், வாய்க்கு நான்கு விரல் தூரத்தில் இருக்கட்டும்.

கேள்வி கேட்பவர் எழுந்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அறை முழுவதையும் ஒரே கேமராவில் காட்டினால் கலைஞருக்குத் தெரிவது இருட்டில் சில தலைகள்தான். ஒரு முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும்போது குரலே மாறிவிடும். ஜூமின் பேசுபவர் காட்சி ஒலியைத்தான் பின்தொடரும். ஆகவே 'அரங்கு முகம்' சதுரத்தைத் தம் திரையில் 'பின்' (pin) செய்து, அதுவே எப்போதும் பெரிதாகத் தெரியும்படி வைத்துக்கொள்ளும்படி கலைஞரிடம் முன்பே சொல்லுங்கள். தம் முகம் தெரியாதபடி மறைத்துக்கொள்ளவும் சொல்லுங்கள். புரொஜக்டர் திரைப் பக்கம் விளக்கை அணையுங்கள், நாற்காலிக்கு மேலே விளக்கு எரியட்டும்.

இனி வெளிறல். இது பெரும்பாலும் கேமராவின் தானியங்கி வேலை. கலைஞர் வெள்ளைச் சட்டையோடு குறுக்கே நடந்தால் எக்ஸ்போஷர், அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்சத்தின் அளவு, மாறும். ஜன்னல் வெளிச்சமும் மஞ்சள் விளக்கும் கலந்தால் ஒயிட் பேலன்ஸ், அதாவது எது வெள்ளை என்ற கேமராவின் கணக்கு, தடுமாறும். சிவப்பு பழுப்பாகும். ஜன்னல் திரைச்சீலையை இழுத்து மூடி, அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரே வகை எல்இடி விளக்கு இரண்டை ஓவியத்தின் இருபுறமும் 45 பாகையில், சம தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள். விளக்கின் ஒளிநிறம் 5000 கெல்வின், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான சிஆர்ஐ எண் 90க்கு மேல். நேர் எதிரே விளக்கு வைத்தால் வார்னிஷ் பளபளத்து அந்த இடம் வெள்ளைத் திட்டாகிவிடும். லென்ஸ் ஓவியத்தின் நடுப்புள்ளி உயரத்தில், கேன்வாஸுக்கு இணையாக. கைபேசி என்றால் டிரைபாடில் பொருத்தி, எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டிவிட வேண்டும். படத்தில் பட்டைகள் ஓடினால் விளக்கு மினுக்குகிறது என்று பொருள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடி ஆக்குங்கள், 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120.

இவ்வளவு செய்தும் நேரலையில் நிறம் முழுதாக வராது. காணொளிச் சுருக்கம் முதலில் தின்பது நுண்ணிய நிற வேறுபாடுகளையும் தூரிகைத் தடங்களையும்தான். எனவே நிறத்துக்கு நிழற்படம், கைவேலைக்கு நேரலை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படைப்புக்கும் முழுப்படம் ஒன்று, அளவு தெரிய அருகே ஆள் நிற்கும் படம் ஒன்று, நெருக்கப் படம் மூன்று. 1920 பிக்சல் அகலம், எஸ்ஆர்ஜிபி (sRGB) நிறவெளி, அதாவது பெரும்பாலான திரைகள் எதிர்பார்க்கும் நிற அமைப்பு. அடோபி ஆர்ஜிபி (Adobe RGB) என்ற இன்னொரு நிறவெளியில் அனுப்பினால் பல மென்பொருள்களில் மங்கலாகத் தெரியும். உங்கள் நிகழ்ச்சியில் நடந்தது இதுவாகவும் இருக்கலாம், அந்தக் கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

காணொளிக் கலை என்றால் திரைப் பகிர்வில் ஓட்டவே ஓட்டாதீர்கள். கோப்பை முன்கூட்டியே பெற்று அறையில் நேரடியாகப் புரொஜக்டரில் போடுங்கள், வீட்டில் இருப்பவர்களுக்குத் தனி இணைப்பு, ஒருநாள் மட்டும். கலைஞரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் இரண்டும் கூடாது. ஒலி சார்ந்த படைப்பு என்றால் ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' வசதியை இயக்க வேண்டும். இல்லையென்றால் நீண்ட சுருதியை விசிறிச் சத்தம் என்று நினைத்து அது வெட்டிவிடும்.

முக்கால் மணி நேர உரையை உடையுங்கள். 12 நிமிடம் பேச்சு, 8 நிமிடம் கேள்வி, மறுபடி அப்படியே. பதிவுப் படிவத்திலேயே ஒரு படைப்பின் படத்தை வைத்து "இதில் உங்கள் கண் முதலில் எங்கே போயிற்று?" என்று மட்டும் கேளுங்கள். வந்த பதில்களில் ஐந்தைக் கலைஞருக்கு அனுப்பிவிடுங்கள். எழுதியவர்களிடம் "உங்களைத்தான் முதலில் அழைப்போம்" என்று தொலைபேசியில் சொல்லுங்கள். "கேள்விகள் உண்டா?" என்று கேட்ட நெறியாளர் மனசுக்குள் பத்து எண்ண வேண்டும். மூன்றாம் விநாடியில் தானே பேசத் தொடங்குவதால்தான் பாதிக் கேள்விகள் பிறக்காமல் போகின்றன. யூடியூபிலும் ஓட்டுவீர்களானால், இயல்பான அமைப்பில் அங்கே கால் நிமிடம், அரை நிமிடம் பின்தங்கித் தெரியும். அந்தப் பார்வையாளருக்கு ஒரு நிமிடம் முன்பே கேள்வி நேரத்தை அறிவியுங்கள். புதிய சேனலில் நேரலை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம், அன்று காலை உட்கார்ந்து தேடாதீர்கள்.

ஒத்திகை இரண்டு நாள் முன்பு, அதே நேரத்தில், அதே கருவியில், அதே இடத்தில். நேரம் மாறினால் வெளிச்சமும் மாறும். 1080பி என்ற முழுத் தெளிவுப் படத்துக்கு ஜூம் கேட்பது விநாடிக்கு ஏறத்தாழ 3.8 மெகாபிட் அப்லோட். கலைஞரின் பக்கம் அதைப்போல் இருமடங்கு இருக்கட்டும், வைஃபை வேண்டாம், கேபிள். உங்கள் பக்கம் மின்சாரம் போனாலும் கூட்டம் கலையாமலிருக்க, வேறு வீட்டில் இருக்கும் ஒருவரைக் கோ-ஹோஸ்ட், அதாவது ஜூமில் துணை நடத்துபவர், ஆக்குங்கள்.

சன்மானத்தைக் குறைக்காதீர்கள். நேரில் வருபவர் பேசிவிட்டுப் போகலாம். இவரோ விளக்கு அமைத்து, படம் எடுத்து, கோப்புகளைத் தயாரித்து, ஒத்திகைக்கும் வந்து, தன் வேலையிடத்தையே திறந்து காட்டுகிறார். குறைவது பயணச் செலவும் தங்குமிடமும் மட்டும்தான், அது ஏற்கெனவே உங்களுக்கு மிச்சம். அழைப்புக் கடிதத்திலேயே தொகை, எந்தத் தேதிக்குள் தருவீர்கள், எத்தனை நிமிடம், ஒத்திகை எப்போது, பதிவு செய்வீர்களா, செய்தால் எங்கே, எத்தனை மாதம் இருக்கும் என்று ஒன்றுவிடாமல் எழுதிவிடுங்கள். பதிவில் பார்வையாளர் முகங்கள் வருமானால் அவர்களிடமும் நிகழ்ச்சி தொடங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள், விரும்பாதவர் அந்த நாற்காலிக்கு வராமல் எழுதிக் கொடுத்துக் கேட்கட்டும்.