டாக்டர் பதில்கள்: வலை இழுக்கிறவர் முதுகில் ஆபரேஷன்

கேள்வி: என் வீட்டுக்காரர் தேவனாம்பட்டினத்தில் கடல் தொழில் செய்கிறார். வயது 46. இடது தோள்பட்டை எலும்புக்கு மேல் பல வருஷமாக இருந்த கட்டி இப்போது உள்ளங்கை அகலம் ஆகிவிட்டது. சதை எடுத்து டெஸ்ட் செய்ததில் ‘டெர்மட்டோ ஃபைப்ரோ சார்கோமா’ என்று வந்திருக்கிறது. அகலமாக வெட்டி, பக்கத்துச் சதையைத் திருப்பி மூட வேண்டும் என்கிறார்கள். தொடைத் தோலை ஒட்டினால் போதாதா? மறுபடி வலை இழுப்பாரா? தடைக்காலம் வரை தள்ளிப்போடலாமா?
– பெயர் வேண்டாம், கடலூர்

பதில்: அம்மா, தடைக்காலம் தொடங்கும் ஏப்ரல் 15 வரை காத்திருக்க வேண்டாம். இது தோலில் வரும் ஒரு வகைப் புற்றுநோய்க் கட்டி. மெதுவாகத்தான் வளரும், மற்ற உறுப்புகளுக்குப் பரவுவதும் அபூர்வம். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு அது நிற்பதில்லை, தோலுக்கு அடியில் விரல் விரலாக ஓடியிருக்கும். அதனால்தான் சுற்றிலும் 2 முதல் 4 சென்டிமீட்டர் நல்ல தோலையும், அடியில் தசையை மூடியிருக்கும் உறையையும் சேர்த்து எடுக்கிறோம். “கொஞ்சமா வெட்டுங்க டாக்டர்” என்று கெஞ்சாத குடும்பம் குறைவு. நீங்கள் கேட்காதீர்கள். விளிம்பில் மிச்சம் இருந்தால் அதே இடத்தில் திரும்பவும் வரும். சிலருக்குக் காயத்தைக் கட்டுப்போட்டு வைத்திருந்து, விளிம்பு சுத்தம் என்று ரிப்போர்ட் வந்த பிறகே மூடுவோம். அந்த நாட்களில் பயப்பட வேண்டாம்.

தொடையிலிருந்து எடுத்து ஒட்டும் தோலுக்குச் சொந்த ரத்தக்குழாய் கிடையாது. அடியில் உயிருள்ள சதை இருந்தால்தான் பிடிக்கும். தசையும் போய் எலும்பு தெரிந்தால் ஒட்டாது. ஒட்டினாலும், மல்லாந்து படுத்து உரசுகிற இடத்தில் அந்த மெல்லிய தோல் அடிக்கடி புண்ணாகும். பக்கத்துச் சதையைத் திருப்பி மூடும் ஃபிளாப் என்பது வேர்மண்ணோடு பெயர்த்து நடும் கன்று மாதிரி, தன் ரத்தக்குழாயோடு வருகிறது. பின்னால் ரேடியேஷன் தேவைப்பட்டாலும் நன்றாகத் தாங்கும்.

முதுகில் இதற்கு அதிகம் கைகொடுப்பது லாட்டிசிமஸ் டார்சை என்ற அகன்ற தசை. இத்தாலிய மருத்துவர் டன்சினி 1906-லேயே மார்பகம் எடுத்த காயத்தை இதை வைத்து மூடியிருக்கிறார். உங்கள் வலைக் கேள்வி இங்கேதான் முக்கியமாகிறது. கையை நீட்டிப் பிடித்துத் தன் பக்கம் இழுப்பதில் இந்தத் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு பக்கம் எடுத்தாலும் அன்றாட வேலை தடைபடாது, மற்ற தசைகள் ஈடுகொடுக்கும். ஆனால் கனத்த வலையை இழுக்கும்போது வித்தியாசம் தெரியலாம். ஆகவே, ஆபரேஷனுக்கு முன்பே சர்ஜனிடம் அவர் தொழிலைச் சொல்லுங்கள். எந்தக் கைக்கு அதிக வேலை என்பதையும் சொல்லுங்கள். தசையை விட்டுவிட்டு, தோலையும் கொழுப்பையும் மட்டும் ரத்தக்குழாயோடு எடுக்கும் முறையும் இருக்கிறது; அவருக்குப் பொருந்துமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேஸ் ஷீட்டில் ‘மீனவர்’ என்ற ஒரு வார்த்தை மட்டும் இருந்தால், வலை இழுப்பவரா, ஏலம் எடுப்பவரா என்று எங்களுக்குத் தெரியாது.

பீடி பிடிப்பவரானால் இன்றே நிறுத்த வேண்டும். நிக்கோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கி ஃபிளாப்பின் நுனியைக் கறுக்க வைக்கும். ஆபரேஷன் முடிந்த முதல் மூன்று நாள் அந்தப் பக்கம் அழுந்தாமல் படுக்க வையுங்கள். ஃபிளாப் வெளுத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, தொட்டால் சில்லென்று இருந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் நர்ஸை எழுப்புங்கள்.