ஹோம்ல ஜெயிச்சும் கப்ல எப்படி வெளிய போச்சு?

பிரதர், பிரிட்டிஷ் ஸ்பீட்வே (ஓவல் மண் ட்ராக்ல ஓட்டற பைக் ரேஸ்) நாக்-அவுட் கப்ல உங்க டீம் ஹோம்ல ஜெயிச்சும் எப்படி அவுட்னு கேட்டீங்கல்ல, அது ஹோம், அவேன்னு ரெண்டு லெக், ரெண்டு ஸ்கோரையும் கூட்டித்தான் பாப்பாங்க, இங்க 48-42 ஜெயிச்சு அங்க 40-50 தோத்தா 88-92, கதை முடிஞ்சுது. அப்புறம் நீங்க ஸ்கோர் போட்டு வெச்ச எக்ஸெல் ஷீட்டப் பத்தி: சேலஞ்ச் மேட்ச் சும்மா ஃப்ரெண்ட்லி, லீக் டேபிள்ல சேராது. இன்டிவிஜுவல் மீட்டிங்ல டீமே கிடையாது, வழக்கமா 16 பேர், 20 ஹீட் (ஒரு ஹீட்னா 4 பேர் ஓட்டற ஒரு ரேஸ்), ஆளுக்கு 5 ரேஸ், எல்லாரும் எல்லார்கூடவும் ஒரு தடவ மோதிடுவாங்க (அழகான கணக்கு அது), ஹீட்ல முதல்லேர்ந்து நாலாவது இடம் வரைக்கும் 3-2-1-0 பாயின்ட்ன்றதால அதிகபட்சம் 15. அதையும் எக்ஸெல்ல டீம் மேட்ச்சோட கலந்திருக்கீங்க, அதான் ரைடரோட ஆவரேஜ் உதைக்குது. ஒரு ரைடர் ஸ்கோர் 9+2ன்னு இருந்தா அந்த 2 போனஸ், எதிர் டீம் ஆள் ஒருத்தரையாவது முந்தி சொந்த டீம்காரருக்கு அடுத்து வந்தா கிடைக்கும், டீம் ஸ்கோர்ல கூட்டாதீங்க.