மேட்டூரை இடித்தாலும் உல்லம் வராது

கேள்வி: அமெரிக்காவில் சால்மன் மீன் ஏறிப் போக வேண்டும் என்று நான்கு அணைகளை இடித்துவிட்டார்களாமே! நாளைக்கு உல்லம் மீனுக்காக மேட்டூரையும் இடிக்கச் சொல்வீர்களோ?
– ஒரு வாசகர், பவானி.

பதில்: சொல்ல மாட்டேன். உல்லமும் (ஹில்சா) சால்மனைப் போலக் கடலிலிருந்து முட்டையிட ஆற்றில் ஏறும் மீன்தான். ஆனால் கிளாமத் ஆற்றுக் கதையில் உங்களுக்கு வசதியான பாதியை மட்டும் படித்திருக்கிறீர்கள். கலிஃபோர்னியா – ஓரிகன் எல்லையில் 2023–24-இல் அகற்றப்பட்ட அந்த நான்கும் மின்சாரத்துக்காகக் கட்டியவை; பாசனத்துக்கு அல்ல. 2006-இல் உரிமம் முடிந்தது. புதுப்பிக்க வேண்டுமானால் மீன் ஏணி, அதாவது மீன் அணையைத் தாண்டி ஏற நீர்ப்படிகள், கட்டு என்றது அரசு. கணக்குப் போட்டுப் பார்த்த மின் நிறுவனத்துக்கு ஏணியைவிட இடிப்பதே மலிவாகத் தெரிந்தது. 2002-இல் பல்லாயிரம் சால்மன்கள் செத்து மிதந்தன. அதன்பின் யூரோக், கருக் பழங்குடியினர் ஓயாமல் போராடினார்கள். ஆனாலும் நிறுவனத்தைக் கையெழுத்துப் போட வைத்தது பணக் கணக்குதான். உழவர்களுக்கு நீர் தரும் மேல் அணைகளில் யாரும் கை வைக்கவில்லை. அங்கே மீன் ஏணியோடு சரி.

நஷ்டம் இல்லாமலா? அணை தேக்கிய நீரை நம்பி ஏரிக்கரை வீடு என்று வாங்கியவர்களுக்கு ஏரியே போயிற்று. பல பத்தாண்டு வண்டல் கரைந்து ஆறு சேறாக ஓடியது. பண்ணையில் வளர்த்த சுமார் 8,30,000 சால்மன் குஞ்சுகளை ஓர் அணைக்கு மேல்புறம் நீரில் விட்டார்கள். அந்த அணையின் பழைய சுரங்க வழியாகக் கீழே வரும்போது அழுத்த மாற்றத்தில் உடலுக்குள் வாயுக் குமிழி கண்டு பெருமளவில் மடிந்தன. மீனைக் காக்கப் போனவர்கள் மீனையே கொன்றார்கள் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. ஆனால் 2024 அக்டோபரில், இடிப்பு முடிந்த இரண்டே வாரத்தில், ஓரிகன் பகுதிக்குள் சால்மன் ஏறியது. 1912-க்குப் பிறகு அதுதான் முதல் முறை.

இனி நம் கதை. மேட்டூர் டெல்டாவின் வயிறு. அதை இடிப்பது பேச்சுக்கே இல்லை. தவிர, அதை இடித்தாலும் உல்லம் வராது. கடலிலிருந்து கொள்ளிடத்தில் ஏறும் மீனை மேட்டூருக்கு வெகு முன்பே, 1836-இல் கட்டிய கீழணை அணைக்கரையில் மறித்துவிடுகிறது. அங்கே ஏணி வைக்கலாமே என்பீர்கள். சால்மன் தாவும், உல்லம் தாவாது. மேல்நாட்டுப் படத்தைப் பார்த்துக் கட்டும் ஏணியில் சிமெண்ட் செலவுதான் மிஞ்சும்.

உண்மையான சிக்கல் அதற்கும் கீழே இருக்கிறது. உப்புநீர் ஏறி நிலம் கெடுகிறது, தடுப்பணை வேண்டும் என்று கொள்ளிடக் கரை விவசாயிகள் கேட்பது நியாயம். உப்பை நிறுத்தும் அதே சுவர்தான் மீனையும் நிறுத்தும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே தீர வேண்டும் என்று நான் நம்பவில்லை. வெள்ளம் புரளும் மாதங்களில் ஆற்று நீரே உப்பைத் தள்ளிவிடும். மீன் ஏறும் காலமும் பெரும்பாலும் அதுதான். அப்போது எந்த மதகை, எத்தனை நாள், அடியோடு திறந்து வைப்பது என்பதைத் திட்ட அறிக்கையிலேயே எழுதச் சொல்லுங்கள். சுவர் எழும்பிய பிறகு கேட்டால் பொறியாளர் கையை விரிப்பார்.